இளையோர் கதை எழுத ஆசைப்படுவோருக்கு

12 முதல் 18 வயது வரையானோரை மனதிற் கொண்டு எழுதப்படுபவையே இளையோர் நாவல்கள். சிறுவர் கதைகளைத் தாண்டிய எமது பிள்ளைகளுக்குத் தமிழில் இவ்வகை நூல்கள் குறைவு. அக்குறையைப் போக்கும் ஆசையில் கடந்த வருடம் நானும் ஒரு கதை எழுதி, தரம் 10 மாணவி ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். “சேர், இது உம்மா ஏசுற மாதிரியே இருக்கு” என்றார்.

பிழை எங்கே என்பதை அமெரிக்க எழுத்தாளர் எஸ்.ஈ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவல் புரிய வைத்தது. 1967இல் அது வெளியானபோது அவருக்கு வயது 18. தான் படித்த பாடசாலையில் கண்ட ஏழை, பணக்கார மாணவர் குழுக்களின் பகைமையே அதன் கரு. கதையைச் சொல்பவன் பெற்றோரை இழந்த 14 வயதுச் சிறுவன். தவறு செய்வதும் அதன் விளைவைச் சுமப்பதும் பிள்ளைகளே. என் கதையிலோ ஓர் ஆசிரியர் வந்து எல்லாவற்றையும் தீர்த்து வைத்தார். பிள்ளை தலையாட்டியது மட்டுமே.

ஆகவே, எழுத விரும்புவோர் முதலில் இத்தகைய நூல்களை வாசியுங்கள். கதையை இளையவரின் கண்ணால் சொல்லுங்கள். முடிவெடுக்கும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவ்வயதினர் ஒருவரிடம் காட்டுங்கள்.

1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலைத் தந்த சித்திலெப்பையின் சமூகம் நாம். எமது பிள்ளைகள் தம்மைக் காணும் கதைகளை வேறு யார் எழுதுவார்?

இன்ஷா அல்லாஹ், என் கதையை மீண்டும் எழுதுகிறேன். இம்முறையும் அந்த மாணவியே முதல் வாசகி.