கடைமடையில் ஒரு கம்ப்யூட்டர்

ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் பைக்கில் ஏறித் தஞ்சாவூர்க் கடைக்கு வருகிறது. புகார் ஒரே வரிதான்: "கேம் போட்டா ரீஸ்டார்ட் ஆகுதுண்ணே." கடைக்காரர் மேசையில் வைத்து அதே கேமை ஓடவிடுகிறார். சாயங்காலம் வரை ஒரு தடங்கலும் இல்லை. "சிபியு நல்லாத்தான் இருக்கு தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்கிறார். ஊருக்குத் திரும்பி, இரவு கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் திரை கறுத்துப்போகிறது. கம்பெனி லோகோ மறுபடியும் வந்து நிற்கிறது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பையனும் பொய் சொல்லவில்லை. இந்தப் பழுதில் பாதி பெட்டிக்குள் இருக்கிறது, மீதி சுவரில் இருக்கிறது. கடைக்கு வருவது பெட்டி மட்டுமே.

கேமில் மட்டும் ஏன் இப்படி ஆகிறது? டைப் அடிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் நடுத்தரமான ஒரு டெஸ்க்டாப் நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும். கேம் தொடங்கியதும் அதே பெட்டி 300 வாட் பக்கம் போய்விடும். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் 170 வாட் வேண்டும். இன்டெல் ஐ5-12400எஃப் ப்ராசஸர் உச்சத்தில் 117 வாட் வரை இழுக்கும். அதுவும் ஒரே சீராக இழுப்பதில்லை. திரையில் ஒரு குண்டு வெடித்தால் தேவை சட்டென்று ஏறுகிறது, மெனுவுக்கு வந்தால் இறங்குகிறது.

இவ்வளவையும் பங்கிட்டுக் கொடுப்பது எஸ்எம்பிஎஸ். வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவதோடு அதன் வேலை முடிவதில்லை. சாம்பல் நிற வயர் ஒன்றில் 5 வோல்ட் சமிக்ஞை ஒன்றையும் மதர்போர்டுக்கு விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்பதே அதன் பொருள். 'பவர் குட்' என்று இதைச் சொல்வார்கள். இந்தச் சமிக்ஞை கண நேரம் விழுந்தாலும் மதர்போர்டு எல்லா வேலையையும் போட்டுவிட்டு, சமிக்ஞை திரும்பியதும் முதலிலிருந்து தொடங்கும். ரீஸ்டார்ட் என்று நாம் திட்டுவது பெரும்பாலும் இந்தத் தற்காப்பைத்தான்.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது, அது எப்படி அணைகிறது என்பது. நீலத்திரை வந்து, பிழையின் பெயரைச் சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் ஆனால் டிரைவர், ராம், ப்ராசஸர் ஆகியவற்றின் மீது சந்தேகம். அணைந்து, அணைந்தபடியே கிடந்தால் சூடு, அல்லது எஸ்எம்பிஎஸ் அதிக லோடு தாங்காமல் தன்னைப் பூட்டிக்கொண்டது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று அணைந்து உடனே தானாகவே ஏறினால் மின்சாரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நீலத்திரை கண்ணில் படாமலே போய்விடுவதும் உண்டு, ஏனென்றால் பிழை வந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி விண்டோஸில் ஏற்கெனவே வைத்திருப்பார்கள். 'ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி' பகுதியில் அந்த டிக்கை எடுத்துவிட்டால் திரை நிற்கும். 'ஈவென்ட் வியூவர்' என்ற பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்ற வரி இருக்கும். முறையாக ஷட்டவுன் ஆகாமல் போனது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. அதன் விவரத்துக்குள் 'பக்செக் கோடு' பூஜ்யம் என்றிருந்தால், விண்டோஸுக்குப் பிழையைக் குறித்துவைக்கவே நேரம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். அப்போது தேட வேண்டிய இடம் சாப்ட்வேர் அல்ல.

பெட்டியைத் திறக்குமுன் தெருவைப் பார்க்கலாம்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. ஆனால் திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் வட்டாரங்களில் போர் தண்ணீரை நம்பி அதற்கு முன்பே குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார்கள். விவசாயத்துக்கு 1990 முதல் தமிழ்நாட்டில் மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரம் வந்ததும் வயல்களில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. நேரடியாக ஸ்டார்ட் செய்யும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்டை அந்த முதல் கணத்தில் இழுக்கும். 5 எச்பி மோட்டார் ஓடும்போது எடுப்பது ஏழெட்டு ஆம்பியர் என்றால் கிளம்பும்போது 40 ஆம்பியரைத் தாண்டும். வீட்டுக்கும் பம்ப்செட்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர் உள்ள ஊரில், அந்தக் கணம் எல்லா வீட்டிலும் வோல்டேஜ் குழிகிறது. அதிகம் அடிபடுவது லைனின் கடைசி வீடு. தலைமடையில் திறந்தவன் எல்லாம் எடுத்துக்கொண்டபின் கடைமடை வயலுக்கு வந்து சேரும் தண்ணீரைப் போல, கம்பியின் நீளமெல்லாம் இழந்தது போக மிஞ்சும் வோல்டேஜ்தான் அங்கே கிடைக்கும். தஞ்சாவூர்க் கடைமேசைக்கு அந்தக் கவலை இல்லை.

அப்படியானால் டைப் அடிக்கும்போதும் அணைய வேண்டுமே என்று தோன்றும். இங்கேதான் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் வருகிறது. வெளியில் மின்சாரம் அற்றுப்போனாலும் அதில் தேங்கியிருக்கும் ஆற்றலை வைத்துச் சிறிது நேரம் ஓட்டலாம். முழு லோடில் அந்த நேரம் சுமார் 16, 17 மில்லி விநாடி. நம் வீட்டு மின்சாரத்தின் ஒரு முழு அலைக்கு 20 மில்லி விநாடி ஆகும். அதாவது ஒரே ஒரு அலை தவறினாலும் முழு லோடில் உள்ள பெட்டி தாக்குப்பிடிக்காது. லோடு கால்வாசியாக இருந்தால் அதே தேக்கம் ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் தாங்கும். விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும்போது கடிதம் டைப் அடிப்பவருக்கு ஒன்றும் தெரியாமல் போவதும், பக்கத்து வீட்டில் கேம் ஆடுபவர் கத்துவதும் இதனால்தான்.

மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் இன்னொரு சிக்கல். கெப்பாசிட்டரில் தேங்கும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 180-க்கு இறங்கினால் தேக்கம் ஐந்தில் மூன்று பங்காகிவிடும். 'ஆக்டிவ் பிஎஃப்சி' உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் உள்ளே 380 வோல்ட் அளவில் தானே ஏற்றி வைத்துக்கொள்வதால், மெதுவாக இறங்கும் லோ வோல்டேஜை அது பொருட்படுத்தாது.

இந்த நொடிநேரக் குழிவுகளைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டாது. எல்ஈடி பல்பும் காட்டாது, ஏனென்றால் அதன் உள்ளேயே வோல்டேஜைச் சமன்செய்யும் சுற்று உண்டு. பழைய குண்டு பல்பு ஒன்றை அதே ஸ்பைக் பாக்ஸில் மாட்டிவைப்பது நல்லது. வோல்டேஜ் சிறிது இறங்கினாலும் அதன் வெளிச்சம் பளிச்சென்று குறையும். பல்பு மங்குவதும் திரை கறுப்பதும் ஒரே கணத்தில் நடந்தால் பாதித் துப்பு கிடைத்துவிட்டது.

"யூபிஎஸ் வைத்திருக்கிறோமே" என்பவர்கள் அதன் லேபிளைப் படிக்க வேண்டும். வீடுகளில் பரவலாக இருப்பது 600 விஏ யூபிஎஸ். அது தாங்குவது 360 வாட் அளவே. அலுவலக வேலைக்கு வாங்கிய கம்ப்யூட்டருக்கு அது தாராளம். பிறகு கிராபிக்ஸ் கார்டு ஏறியது, மானிட்டர் பெரிதானது, யூபிஎஸ் மட்டும் அப்படியே இருக்கிறது. மின்சாரம் இருக்கும்வரை குறை தெரியாது. குழிவு வந்து பேட்டரிக்கு மாறும் கணத்தில் 'கீ' என்று கத்திவிட்டு விழுந்துவிடும். பழைய பேட்டரி என்றால் இன்னும் சீக்கிரம். மலிவான யூபிஎஸ்கள் பேட்டரியில் தரும் அலை படிக்கட்டு வடிவில் இருக்கும். சில ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்கள் அதை ஏற்காமல் அணைந்துவிடுவதும் உண்டு. நல்ல எஸ்எம்பிஎஸ் மாற்றிய பிறகு பிரச்சினை கூடிவிட்டது என்று சிலர் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வீட்டு இன்வர்ட்டரில் கம்ப்யூட்டரைக் கொடுத்திருந்தால் அதன் பின்பக்கத்தைப் பார்க்கலாம். பலவற்றில் 'யூபிஎஸ்', 'ஈகோ' என்று இரண்டு நிலைகளுள்ள ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோவில் பேட்டரிக்கு மாறச் சில கருவிகள் 40 மில்லி விநாடி வரை எடுக்கும். ஃபேனுக்கு அது போதும், கேம் ஓடும் பெட்டிக்குப் போதாது. ஒரு பைசா செலவில்லாமல் அந்தச் சுவிட்சைத் தள்ளினாலே தீரும் வழக்குகள் உண்டு. ரிலே வைத்த ஸ்டெபிலைசரோ 'டிக்' என்ற ஒவ்வொரு சத்தத்திலும் மின்சாரத்தைக் கண நேரம் விட்டுத்தான் பிடிக்கும். கம்ப்யூட்டருக்கு அது உதவியைவிட உபத்திரவம்.

அடுத்தது எர்த். கேபினட்டைத் தொட்டால் 'சுர்' என்று இழுக்கிறது, டெஸ்டர் வைத்தால் எரிகிறது என்றால் எர்த் வேலை செய்யவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பில் இரைச்சலை வடிகட்ட வைத்த சிறு கெப்பாசிட்டர்கள் எர்த் இல்லாதபோது கேபினட்டைப் பாதி வோல்டேஜில், ஏறக்குறைய 115-ல், மிதக்கவிடும். ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் அதில் இல்லைதான். ஆனால் உண்மையான கசிவு ஏற்படும் நாளில் காப்பாற்றவும் ஒன்றும் இருக்காது. டெல்டாவின் களிமண் ஈரமாக இருக்கையில் எர்த்துக்கு நல்ல மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். உப்பும் கரியும் போட்டு எடுத்த எர்த் குழியில் சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பத்து இருபது வோல்ட் காட்டினால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

சுவர் சரி என்றான பிறகு பெட்டிக்குள் போகலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் பெரிதாக '450' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பார்க்க வேண்டும், கார்டும் ப்ராசஸரும் உண்பது அதைத்தான். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்க 192 வாட். மேலே சொன்ன கார்டுக்கும் ப்ராசஸருக்கும் உச்சக் கணக்கு 287 வாட். வாட் கணக்கு சரியாக வந்தும் அணைவதுண்டு. புதிய கார்டுகள் மைக்ரோ விநாடிக் கணக்கில் தம் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுத்துவிட்டு அடங்கும். இந்தத் தொல்லைக்காகவே 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ்கள் தம் அளவைப்போல் இருமடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்றது.

ரீஸ்டார்ட்டுக்குச் சூடுதான் காரணம் என்று ஒரு தவறான எண்ணம் உண்டு. ப்ராசஸர் சூடேறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திக்கும். அதற்கும் மேலே போனால் அணைந்து அப்படியே நிற்கும். உடனே மீண்டும் ஏறுவது சூட்டின் வழக்கமான குணமல்ல. ஆனால் தூசி எதையும் கெடுக்கும். சம்பா அறுவடையில், அறுவடை மெஷின் ஓடும் தை மாசிக் காற்றில் பதரும் உமித்தூளும் நெல் சுணையும் பறக்கின்றன. ரைஸ்மில் பக்கத்து வீடு என்றால் வருஷம் முழுக்க அப்படித்தான். ஃபேன் இறக்கைகளிலும் ஹீட்சிங்க் இடுக்கிலும் இவை கம்பளம்போல் படியும். ஐப்பசி ஈரத்தில் அது பசையாகிவிடும். புளோயரால் ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழலவிட்டால் பேரிங் கெடும்.

இவ்வளவுக்கும் பின்னரே ராமும் ப்ராசஸரும். ராமை எக்ஸ்எம்பி வேகத்திலிருந்து சாதாரண வேகத்துக்கு இறக்கி, மெம்டெஸ்ட்86-ஐ ஓரிரவு ஓடவிட்டால் தெரிந்துவிடும். ப்ராசஸர் கெடுவது அபூர்வம், ஆனால் நடக்காததல்ல. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தம்மைத்தாமே பழுதாக்கிக்கொண்டன. 2024 ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோடை வெளியிட்ட நிறுவனம் வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. பயாஸை அப்டேட் செய்தால் மேற்கொண்டு கெடுவது குறையும், ஏற்கெனவே கெட்டது மீளாது.

எதை வாங்குவது என்று முடிவெடுக்குமுன் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கேமில் பிரேம் ரேட்டை 60-க்குக் கட்டிப்போட்டு, ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி ஆடிப்பார்க்கலாம். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் குற்றவாளி மின்சாரம் வரும் பாதையில் எங்கோ இருக்கிறது. நண்பர் வீட்டு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒருநாள் கடன் வாங்கி மாட்டினால் அது சுவரிலா பெட்டியிலா என்பதும் தெளிவாகும். பவர் லிமிட்டை இறக்கியும் ரீஸ்டார்ட் நிற்கவில்லை என்றால் ராம் பக்கம் போகலாம். கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் யூபிஎஸ்ஸையும் கூடவே எடுத்துச்செல்வதும், அணைந்த நேரங்களையும் அப்போது மோட்டார் ஓடியதா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதும் கடைக்காரருக்குப் பெரிய உதவி.

எஸ்எம்பிஎஸ்தான் காரணம் என்றானால் அதை மாற்றிவிடுவதே சரி. திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். வயரைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.