குதிரையிலிருந்து விழுந்தவர்களின் கணக்கு

சூப்பர்மேனாகத் திரையில் பறந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், 1995 மே 27ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு குதிரைப் போட்டியில் கலந்துகொண்டார். மூன்றாவது தடையை நெருங்கியதும் குதிரை சட்டென்று நின்றுவிட்டது. அவர் தலைகுப்புற முன்னால் விழுந்தார். தலைக்கவசம் இருந்தது, உடல் காப்பு அங்கியும் இருந்தது. ஆனாலும் கழுத்தின் மேல்பகுதி எலும்புகள் முறிந்தன. 2004 அக்டோபரில் இறக்கும்வரை சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார்.

அந்த விபத்தை உலகமே பேசியது. ஆனால் ஒரே ஒரு விபத்தை எவ்வளவு பேசினாலும் அடுத்ததைத் தடுக்கும் வழி கிடைத்துவிடாது. எத்தனை குதிரைகள் இப்படி நிற்கின்றன? எந்த வகைத் தடையில்? எந்த அனுபவம் உள்ள குதிரை? பதில் வேண்டுமென்றால், உயிர்போன விபத்துகளோடு, தூசி தட்டி எழுந்துபோன நூற்றுக்கணக்கான விபத்துகளையும் எழுதி வைத்திருக்க வேண்டும். கடந்த 25 ஆண்டுகளாகக் குதிரை விளையாட்டு உலகம் செய்துவருவது அந்த எழுத்து வேலையைத்தான்.

ஐந்து மரணங்களுக்குப் பிறகு

குதிரை என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தோட்டத்துக் கோயிலில் மதுரை வீரன் ஏறியிருக்கும் குதிரை. அல்லது பந்தயக் குதிரை. ரீவ் கலந்துகொண்ட விளையாட்டு வேறு. அதன் பெயர் ஈவென்டிங். குதிரையின் நடை அழகைக் காட்டும் டிரஸ்ஸாஜ், திறந்தவெளியில் அசையாத தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி, அரங்கத்துக்குள் தடை தாண்டும் ஷோ ஜம்பிங் என மூன்றும் சேர்ந்த போட்டி. பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வென்றதும், தோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பிடித்ததும் இதில்தான்.

மூன்றில் ஆபத்தானது கிராஸ் கன்ட்ரி. 1999ஆம் ஆண்டில் பிரிட்டனில் மட்டும் ஐந்து ஈவென்டிங் வீரர்கள் உயிரிழந்தார்கள். ஹார்டிங்டன் பிரபு தலைமையில் ஓர் அனைத்துலகக் குழு அமைந்து, 2000ஆம் ஆண்டில் அறிக்கை கொடுத்தது. வீரர் குதிரையிலிருந்து விழுவதைவிட, குதிரையே விழுவதுதான் உயிருக்கு ஆபத்து என்று அது தெளிவாகச் சொன்னது.

மரக்கட்டைத் தடையில் குதிரையின் முன்னங்கால் மேல்பகுதி மோதினால், பின்பகுதி மேலே எழும்பிக் குட்டிக்கரணம் அடிக்கும். வீரர் கீழே, சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை மேலே. எந்தத் தலைக்கவசமும் அந்த எடையைத் தாங்காது.

காரணம் தெரிந்ததும் தீர்வின் திசை மாறியது. வாகன மோதல்களை ஆராயும் பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து, குறிப்பிட்ட அழுத்தம் வந்தால் முறிந்துவிடும் ஒருவகை ஊசியை உருவாக்கினார்கள். அந்த ஊசி முறிந்தால் தடையின் கட்டை கீழே இறங்கும். குதிரை கரணம் அடிக்காமல் தப்ப வாய்ப்பு கிடைக்கும். பின்னர் சுவீடனிலிருந்து எம்.ஐ.எம். என்ற கிளிப் வந்தது. எந்தத் தடையில் எது முறிந்தது, எது முறியவில்லை என்பதும் இன்று பதிவாகிறது.

எத்தனைக்கு எத்தனை?

வெறும் எண்ணிக்கை நம்மை ஏமாற்றிவிடும். ஓர் உதாரணம்: ஒரு குதிரைப் பயிற்சி மையத்தில் ஓராண்டில் பத்துப் பேர் விழுந்தார்கள், இன்னொன்றில் நான்கு பேர். எது பாதுகாப்பானது? நான்கு என்றுதான் மனம் சொல்லும். ஆனால் முதல் மையத்தில் அந்த ஆண்டு 5,000 சவாரிகள், இரண்டாவதில் 400 மட்டுமே என்றால் கதை மாறுகிறது. முதலாவதில் ஆயிரத்துக்கு இரண்டு. இரண்டாவதில் ஆயிரத்துக்குப் பத்து.

அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் இந்தக் கணக்கு 2008இல் தொடங்கியது. அங்குள்ள ஜாக்கி கிளப், பந்தயத் திடல்களில் குதிரைகளுக்கு ஏற்படும் காயங்களை ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கத் தொடங்கியது. 2009இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 குதிரைகள் இறந்தன. 2023இல் அது 1.32 ஆனது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

அந்தத் தரவை ஆராய்ந்தவர் டிம் பார்க்கின் என்ற கால்நடைத் தொற்றுநோயியல் அறிஞர். முன்பே மருத்துவரின் கண்காணிப்புப் பட்டியலில் இருந்த குதிரைக்கு ஆபத்து கூடுதல் என்று தெரியவந்தது. ஒரே பயிற்சியாளரிடம் நீண்ட காலம் இருக்கும் குதிரைக்கு ஆபத்து குறைவு. ஓடுதளத்தின் வகையும் முக்கியம்: செயற்கைத் தளத்தில் மரண விகிதம் மிகக் குறைவாக இருந்தது. அனுபவசாலிகள் மனத்தில் வைத்திருந்த ஊகங்களில் எது உண்மை என்பதை எண்கள் பிரித்துக் காட்டின.

விழுவதற்கு முன்பே எச்சரிக்கை

அயர்லாந்தின் ஈவென்டிங் வீரர் சேம் வாட்சன், நண்பர் டியர்மட் பர்னுடன் சேர்ந்து ஈக்விரேட்டிங்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். குதிரை அண்மைய கிராஸ் கன்ட்ரி போட்டிகளில் எப்படி ஓடியது என்பதை வைத்து, அந்த நிலைப் போட்டிக்கு அது எவ்வளவு தயார் என்று இவர்கள் மதிப்பிடுகிறார்கள். முடிவு, சாலைச் சமிக்ஞை விளக்கைப்போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரும். சிவப்பு வந்தால் கீழ்நிலைப் போட்டியில் இன்னும் அனுபவம் சேர்க்க வேண்டும் என்று பொருள். அயர்லாந்து ஈவென்டிங் அமைப்பு இதைத் தன் பாதுகாப்பு நடைமுறையில் சேர்த்துக்கொண்டது. விளையாட்டு தெரிந்தவர் தரவையும் கற்றபோது பிறந்த வேலை இது. தரவுத் துறையில் இருக்கும் நம் இளைஞர்கள் கவனிக்கலாம்.

திரங்கானுவில் நின்ற மருத்துவர்கள்

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2008 நவம்பரில் உலக எண்டூரன்ஸ் வெற்றியாளர் போட்டி திரங்கானுவின் லெம்பா பிடோங்கில் நடந்தது. ஒரே நாளில் 160 கிலோமீட்டர். ஸ்பெயினின் மரியா அல்வாரெஸ் பொன்டோன் வென்றார்.

எண்டூரன்ஸ் போட்டியில் வேகத்துக்கு மேல் ஓர் எண் ஆட்சி செய்கிறது: 64. பாதை பல சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மருத்துவர் குதிரையின் நாடியைப் பார்ப்பார். குறிப்பிட்ட நேரத்துக்குள் அது நிமிடத்துக்கு 64 துடிப்புக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அதோடு போட்டி முடிந்தது. நொண்டினாலும் அப்படியே. முதலில் வந்தாலும், கடைசிப் பரிசோதனையில் தேறாத குதிரைக்கு வெற்றி இல்லை.

இந்தப் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாம் சேர்ந்து பெரிய தரவாகின. அனைத்துலகக் குதிரை விளையாட்டுச் சம்மேளனம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. தொடக்கச் சுற்றுகளில் அதிவேகமாக ஓடுவதும், போட்டிகளுக்கு இடையே போதிய ஓய்வு இல்லாததும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அது காட்டியது.

சைஸ் சொல்லாத செய்தி

எண்கள் எல்லா மரணத்தையும் தடுத்துவிடவில்லை. மிர்சா ஓடிய அதே தோக்கியோ கிராஸ் கன்ட்ரியில், சுவிட்சர்லாந்தின் ஜெட் செட் என்ற குதிரைக்குக் கால் தசைநார் அறுந்தது. அதைக் கருணைக் கொலை செய்ய நேர்ந்தது.

இன்னொரு சிக்கல், எழுதப்படாத விபத்து. குதிரையின் கால் லேசாகச் சூடாக இருப்பதை முதலில் அறிபவர் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டும் சைஸ். (மலாயாவில் ஒரு காலத்தில் கார் ஓட்டுநரையும் சைஸ் என்றே அழைத்தார்கள், தோட்டத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.) சொன்னால் திட்டு விழும், வேலை போகும் என்ற பயம் இருந்தால் அவர் வாய் திறக்கமாட்டார். தரவுத்தளத்தில் அந்தக் குதிரை நலமாகவே இருக்கும், விழும் வரை.

ஜெராம், கோலசிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஓர் ஊழியர் நான்கு நாளுக்கு மேல் வழக்கமான வேலை செய்ய முடியாமல் போகும் விபத்தை முதலாளி வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன 2004ஆம் ஆண்டு விதிமுறைகள். ஆனால் ஆளுக்கு அரை அடி தள்ளி விழுந்த குலை? வழுக்கிக் கைநழுவிய அரிவாள்? "ஒண்ணும் ஆகலையே" என்று அது மறக்கப்படுகிறது. குதிரை விளையாட்டு கற்றுக்கொண்டது, அந்த "ஒண்ணும் ஆகாத" சம்பவத்தில்தான் அடுத்த விபத்தின் முகவரி இருக்கிறது என்பதை. எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எழுதுபவரைக் குற்றவாளியாக்காத மேலாளரும் வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்கும் முன்

பள்ளி விடுமுறையில் பிள்ளையைக் குதிரைப் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், கட்டணத்தைக் கேட்கும்போதே இவற்றையும் கேளுங்கள்:

• விழுந்தவர்களின் பதிவேடு இருக்கிறதா? கடந்த ஆண்டு எத்தனை சவாரிக்கு எத்தனை பேர் விழுந்தார்கள்?

• அதைப் பார்த்து எதை மாற்றினீர்கள்?

• எந்தப் பிள்ளைக்கு எந்தக் குதிரை என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்?

• தலைக்கவசம் பிள்ளையின் தலை அளவுக்குப் பொருந்துகிறதா? பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிடுகிறீர்களா?

"எங்களிடம் யாரும் விழுந்ததே இல்லை" என்று ஒரு மையம் பெருமையாகச் சொன்னால், கொஞ்சம் யோசியுங்கள். குதிரை ஏறுபவர் என்றாவது விழத்தான் செய்வார். "போன வருஷம் ஏழு பேர், அதில் நான்கு பேர் ஒரே வளைவில், அதனால் அந்த வளைவை மாற்றிவிட்டோம்" என்று பதிவேட்டைத் திறந்து காட்டும் மையத்தில் பிள்ளையைச் சேர்க்கலாம்.