வேண்டியதற்குக் கணக்குண்டு, பெற்றதற்கு?

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் திருக்கோயிலில் அமாவாசைதோறும் திரளும் கூட்டத்தை அறியாத பக்தர்கள் இலர். முதல் நாள் இரவே வந்து தங்கி, விடியலில் நீராடிப் பெருமாளைச் சேவிப்போர் பலர். ஹிருத்தாபநாசினி என்னும் திருக்குளத்தில் வெல்லம் கரைப்பதும், நோயுற்ற உறுப்பின் வடிவை வெள்ளித் தகட்டில் வாங்கிக் காணிக்கையாகச் செலுத்துவதும் இங்கு வழிவழியாக வரும் மரபு. நோய் தீர்க்கும் வைத்திய வீரராகவன் என்றே பெருமாளை மக்கள் போற்றுகின்றனர்.

அதே மாவட்டத்தில், சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி இருக்கிறது சிறுவாபுரி. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய இத்தலத்து முருகனை ஆறு செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து வழிபட்டால் சொந்த வீடு அமையும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. இது எத்தனையாவது வாரம், இன்னும் எத்தனை வாரம் என்பதை அவர்கள் பிசகாமல் எண்ணி வருவார்கள்.

வேண்டுதலுக்கு இவ்வளவு துல்லியமான கணக்கு இருக்கிறது. பெற்ற நன்மைகளுக்கு அத்தகைய கணக்கு எத்தனை இல்லங்களில் இருக்கிறது?

நேர்த்திக்கடன் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. முடி இறக்குவதும், காவடி எடுப்பதும், அன்னதானம் செய்வதும் நன்றியின் வடிவங்களே. ஆயினும், கேட்டுப் பெற்ற பெரிய வரத்துக்கே நேர்த்திக்கடன் செலுத்தப்படுகிறது. கேளாமலே நாள்தோறும் கிடைப்பவை, அதாவது வலியின்றி உறங்கிய ஓர் இரவு, மருந்துச் சீட்டைப் படித்துச் சொன்ன பக்கத்து வீட்டுப் பிள்ளை, படியேறும்போது கை கொடுத்த முகமறியாத அன்பர் ஆகியவை எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகின்றன. அவற்றைக் குறித்து வைப்பதற்கே ஒரு நன்றிக் குறிப்பேடு வேண்டும்.

பெருமாள் காட்டும் வழி

இதற்குத் திருவள்ளூர்த் தலவரலாறே துணை நிற்கிறது. சாலிஹோத்திர முனிவர் உபவாசம் இருந்து தவம் செய்து, தாம் உண்பதற்கெனச் சிறிது மாவு வைத்திருந்தார். முதியவர் ஒருவர் பசியோடு வந்து கேட்கவே, தம் பங்கையும் அவருக்கே அளித்தார். உண்டு முடித்த முதியவர், படுப்பதற்கு ஏற்ற உள் எவ்வுள் என்று வினவினார். முனிவர் தம் குடிலையே காட்டினார். அங்கே சயனித்தவர் பெருமாள். அதனாலேயே இத்தலத்துக்குத் திருஎவ்வுள் என்று பெயர்.

பெருமாளின் வலக்கரம் சாலிஹோத்திரரின் தலைமீது அமைந்திருப்பதைக் கருவறையில் இன்றும் காணலாம். பிடி மாவு கொடுத்தவரை இறைவனே இன்றளவும் மறவாமல் கை வைத்துக் காத்திருக்கிறான் என்று அத்திருக்கோலத்தைப் பொருள் கொள்ளலாம். திருவள்ளுவரும் செய்ந்நன்றி அறிதலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, பத்துக் குறள்களில் அதைப் பேசுகிறார். தொழிற்சாலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. சோறு போடும் இரும்புக்கும் நன்றி சொல்லும் மரபு இது.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்க உளவியல் அறிஞர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் நன்றிக்குரியவற்றையும், மற்றொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றையும், மூன்றாம் பிரிவினர் பொதுவான நிகழ்வுகளையும் வாரம் ஒருமுறையாகப் பத்து வாரம் எழுதினர். நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்வைக் குறித்து மற்றவர்களைவிட நிறைவாக உணர்ந்தனர். நரம்புத் தசை நோயால் அவதியுற்றவர்கள் 21 நாள்கள் எழுதியபோதும் மனநிலையில் மேம்பாடு காணப்பட்டது. உறக்கமும் கூடியதாக அவர்கள் தெரிவித்தனர். நோய் நீங்கவில்லை, நோயோடு வாழும் நாள்கள் சற்று இலகுவாயின. உடல் உபாதைகளோடு காலம் கழிக்கும் மூத்தோர் கருத வேண்டிய செய்தி இது.

மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வோர் இரவும் அன்று நன்றாக நடந்த மூன்று செயல்களையும், அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் எழுதச் செய்தனர். அதன் பயன் ஆறு மாதம் வரை நீடித்தது.

தொடங்கும் முறை

விலையுயர்ந்த நாட்குறிப்பு தேவையில்லை. கோடிட்ட 100 பக்க நோட்டு ஒன்று போதும். ஸ்ரீராமஜெயம் எழுதிப் பழகிய கைகளுக்கு இது புதிதன்று. மாலை விளக்கேற்றிய பின் பிள்ளையார் சுழி இட்டு, நாளையும் கிழமையையும் குறித்து, மூன்றே மூன்று செய்திகளை எழுதலாம்.

பொதுப்படையாக எழுதுவதில் பயன் குறைவு. 'இறைவன் அருளால் நலம்' என்று நாள்தோறும் எழுதினால் நான்காம் நாளே அது வெறும் சடங்காகிவிடும். 'இரவுப் பணி முடிந்து களைத்து வந்த மகன், உறங்கப் போகுமுன் மாத்திரை போட்டாயா அம்மா என்று கேட்டான்' என்று எழுதினால் அந்தக் கணம் நெஞ்சில் மீண்டும் நிகழும். மகன் பேசுவதே இல்லை என்று நினைத்திருந்த தாய்க்கு, அவன் பேசிய ஒரு சொல் கண்ணில் படும். யார் செய்தார், ஏன் செய்தார் என்ற இரண்டும் அவசியம் இடம்பெற வேண்டும்.

நாள்தோறும் எழுத இயலாதவர்கள் செவ்வாய் அல்லது சனிக்கிழமை என ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளலாம். வாரம் ஒருமுறை எழுதுவதே சிலருக்குச் சலிப்பின்றி அமையும். சிறுவாபுரிக்கு ஆறு வாரம் செல்பவர்கள், அந்த ஆறு வாரத்தையே தொடக்கமாகக் கொள்ளலாம். கை நடுங்குபவர்களும் பார்வை குறைந்தவர்களும் பேரக் குழந்தையிடம் சொல்லி எழுதச் செய்யலாம். எழுதும் பிள்ளைக்கும் அது பாடமாகும்.

மாதம் ஒருமுறை அமாவாசையன்று ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. அதில் அடிக்கடி தென்படும் பெயர் யாருடையதோ, அவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஏட்டிலேயே தங்கிவிடும் நன்றி உரியவரைச் சேர்வதில்லை.

துயரை மூடி மறைக்க அன்று

துணையை இழந்தவர்களுக்கும், பிள்ளைகள் தொலைவில் வாழ்பவர்களுக்கும் ஏதும் எழுதத் தோன்றாத நாள்கள் வரும். அந்நாளில் தேதியை மட்டும் குறித்து, கண்ணீரைப் பெருமாளிடம் விட்டுவிடலாம். துயரமே இல்லாததுபோல் எழுத வேண்டியதில்லை. மனச்சோர்வும் உறக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை அணுகுவதே முறை.

வீட்டில் உணவோ மருந்தோ மறுக்கப்பட்டுத் துன்புறும் முதியவர், நன்றி என்ற பெயரால் வாய்மூடி இருக்கவும் கூடாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென 2007ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கான 14567 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணும் இருக்கிறது. அங்கே மறுமுனையில் பரிவோடு பேசுபவரின் உதவியும் அந்த ஏட்டில் ஒரு வரியாக ஏறத் தக்கதே.

கேட்பது பக்தர்களின் உரிமை, கேட்டுக்கொண்டே இருக்கலாம். கூடவே பெற்றதையும் எழுதி வருபவர், அடுத்த முறை சந்நிதியில் நிற்கும்போது முதலில் நன்றி சொல்லிவிட்டு, அதன் பிறகே கோரிக்கையைத் தொடங்குவார்.