வெளிர் சூரியகாந்தி: வளர்ப்பதும் விதை காப்பதும்



சூரியகாந்தி என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பளீரென்ற மஞ்சள்தான். ஆடி, ஆவணியில் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, சுரண்டை பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்களும், கேரளாவிலிருந்து வந்தவர்களும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வயலோரம் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சூரியகாந்தியில் எலுமிச்சை நிறமும் உண்டு, மோர் நிறமும் உண்டு, கிட்டத்தட்ட வெள்ளையும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வாசுதேவநல்லூரில் எங்கள் வீட்டுப் புறவாசலில் அந்த எலுமிச்சை நிறப் பூவை இரண்டு போகமாக வளர்த்து வருகிறேன். அதை வளர்ப்பது எப்படி, அதைவிட முக்கியமாக அதன் விதையைக் காப்பது எப்படி என்பதே இக்கட்டுரை. "பூச்செடிதானே, இதுல என்ன இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விவசாய வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது.

சோகை அல்ல, சொந்த நிறம்

முதல் பூ விரிந்ததும் எங்க ஆச்சி பார்த்துவிட்டு, "ஏலே, பூவுக்குச் சோகை புடிச்சிருக்கு. கொஞ்சம் சாணி உரம் போடுல" என்றார்கள். சோகை என்றால் இலை வெளுக்க வேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தது. அப்படியானால் செடிக்கு நோய் இல்லை.

சூரியகாந்தி இதழின் மஞ்சளுக்குக் காரணம் கரோட்டினாய்டு என்னும் நிறமிகள். கேரட்டுக்கும் செவ்வந்திக்கும் நிறம் தருவதும் இதே குடும்பம்தான். வெளிர் ரகங்களின் இதழில் இந்த நிறமி குறைவு. அவ்வளவே. உரம் போட்டாலும் நிறம் மாறாது, ஏனென்றால் அது விதையிலேயே எழுதப்பட்டது. நிறம் குறைந்ததால் தேனீ வராது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2008ல் பொதுமக்களை வைத்துத் தேனீக்களைக் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, எல்லோரும் நடுவதற்குத் தேர்ந்தெடுத்த ரகமே 'லெமன் குவீன்' என்ற எலுமிச்சை நிற சூரியகாந்திதான்!

விதைப்பும் பராமரிப்பும்

முதலில் விதை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கொய்மலருக்காக விற்கும் பல வெளிர் ரகங்கள் மகரந்தமே இல்லாதவை. மேஜையில் வைத்தால் தூள் கொட்டாது என்பதற்காக அப்படி உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றை மட்டும் வைத்து விதை எடுக்க முடியாது. மகரந்தம் உள்ள, ஒட்டு அல்லாத ரகமா என்று கேட்டு வாங்குங்கள். லெமன் குவீன் அத்தகையது.

விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாக ஊன்ற வேண்டும். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்றுப் பிடுங்கி நடுவது ஒத்துக்கொள்ளாது. குழிக்கு 2 விதை, செடிக்குச் செடி ஒன்று முதல் ஒன்றரை அடி. ஒரு வாரத்தில் முளைத்துவிடும். நல்ல முளையை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். மொட்டு வைத்ததிலிருந்து மணி பிடிக்கும் வரை மண் காயக்கூடாது.

நம்ம பக்கம் மலைக்காற்று பலமானது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஆளுயரச் செடி எம்மாத்திரம்? முழங்கால் உயரம் வந்ததும் குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

இன்னொரு யோசனை. மொட்டுப் பருவத்தில்தான் செடி சூரியனோடு திரும்பும். பூ முற்றியதும் கிழக்கு பார்த்து நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடாகும் பூவுக்கு ஐந்து மடங்கு அதிகமாகத் தேனீக்கள் வருவதாக 2016ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஆகவே வீட்டிலிருந்து பூ முகத்தைப் பார்க்க வேண்டுமானால், வீட்டுக்கு மேற்கே செடி வையுங்கள். கிழக்கே வைத்தால் பூவின் முதுகைத்தான் பார்க்க முடியும்!

நிறம் எங்கே போகிறது?

இனிமேல்தான் முக்கியமான பகுதி. சூரியகாந்தி தேனீயை நம்பி வாழும் பயிர். பக்கத்து வயலின் அடர் மஞ்சள் பூவிலிருந்து தேனீ மகரந்தத்தைச் சுமந்து வந்து நம் வெளிர் பூவில் தேய்த்தால், அந்த விதையிலிருந்து என்ன நிறம் வரும்?

எங்க ஊர்க் கோயிலில் இருப்பவர் அர்த்தநாரீஸ்வரர். பாதி அம்மை, பாதி அப்பன். ஒவ்வொரு விதையும் அப்படித்தான். தாய்ப்பூவிலிருந்து ஒரு மரபணு, மகரந்தத்திலிருந்து ஒரு மரபணு. ஆனால் கோயிலில் இரு பாதியும் கண்ணுக்குத் தெரியும், பூவில் தெரியாது. அடர் மஞ்சளுக்கு 1 என்றும் எலுமிச்சை நிறத்துக்கு 0 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் படிக்கிறோமே 'ஆர் கேட்', அதேதான். இரண்டு உள்ளீட்டில் ஒன்று 1 ஆக இருந்தாலும் வெளியீடு மஞ்சள். இரண்டும் 0 ஆனால்தான் வெளிர் நிறம்.

எனவே வெளிர் பூவில் வயல் மகரந்தம் விழுந்தால் பிள்ளைகள் எல்லாம் மஞ்சள். நிறம் அழிந்துவிட்டதா? இல்லை, மறைந்திருக்கிறது. அந்த மஞ்சள் பிள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்தால், அடுத்த தலைமுறையில் சராசரியாக 4ல் 1 மறுபடி வெளிர் நிறமாக வரும். மஞ்சள் பூவைப் பார்த்து அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. வெளிர் பூவோ பொய் சொல்லாது. உள்ளே இருப்பதுதான் வெளியிலும்.

இதைச் சோதிக்க முதல் போகத்தில் ஒரு பூவை வேண்டுமென்றே திறந்து விட்டேன், மற்ற பூக்களைத் துணியால் மூடினேன். திறந்த பூவின் விதையில் வந்த 9 செடிகளில் 7 மஞ்சள், 2 வெளிர். மூடிய பூக்களின் விதையில் வந்த 11 செடிகளும் வெளிர்.

மூடும் முறை இதுதான். இதழ் விரியும் முன்பே பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டிவிட வேண்டும். சில செடிகள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது என்பதால் குறைந்தது இரண்டு வெளிர் பூக்களாவது வேண்டும். காலை 9 மணிக்கு மேல் 11 மணிக்குள் பையை அவிழ்த்து, இரண்டு பூக்களையும் முகத்தோடு முகம் மெதுவாகத் தேய்த்து, உடனே மூட வேண்டும். நடுவிலுள்ள சிறு பூக்கள் வெளியிலிருந்து உள்நோக்கி நாள்கணக்கில் விரியும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கைந்து தடவை செய்ய வேண்டும். பை இருப்பதால் கிளி, அணில் தொல்லையும் இல்லை. பூவின் பின்புறம் மஞ்சளாகிப் பழுப்பானதும் அறுத்து நிழலில் காயவையுங்கள். புது விதைக்கு உறக்கக் காலம் உண்டு. ஒன்றரை மாதம் கழித்து விதைப்பதே நல்லது.

அப்பா கேட்ட கேள்வி

எங்க அப்பா குத்தகை நிலத்தில் சூரியகாந்தி போடுகிறவர். நான் பூவுக்குப் பை கட்டுவதைப் பார்த்துவிட்டு, "எல, நீதான் நம்ம வீட்டுல படிச்சவன். நம்ம வயல்ல வெளஞ்ச விதைய நாமளே போட்டா என்ன? எதுக்கு வருசா வருசம் கடைக்குப் போறோம்?" என்று கேட்டார். பாடப்புத்தகத்தில் எந்தப் பரீட்சையும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

பதில் இந்த வெளிர் பூவிலேயே இருக்கிறது. எண்ணெய்க்கான சூரியகாந்தி நம் நாட்டுக்கு 1969ல் சோவியத் யூனியனிலிருந்து வந்தது. அவை சாதாரண ரகங்கள், விதையை எடுத்து வைக்கலாம். அதே 1969ல் பிரான்சில் லெக்லெர்க் என்ற விஞ்ஞானி மகரந்தம் இல்லாத சூரியகாந்தியைப் பற்றி வெளியிட்டார். அதைத் தாயாக வைத்து, வேறு தகப்பனின் மகரந்தத்தைச் சேர்த்து வீரிய ஒட்டு விதை தயாரிக்க வழி பிறந்தது. நம் நாட்டின் முதல் ஒட்டு சூரியகாந்தியான பி.எஸ்.எச்.-1, 1980ல் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஒட்டு விதையின் முதல் தலைமுறை ஒரே உயரம், ஒரே நாளில் முற்றும், விளைச்சலும் கூடுதல். அதன் விதையை மறுபடி போட்டால், மறைந்திருந்த குணமெல்லாம் வெளியே வந்து நெட்டையும் குட்டையுமாக, முன்னும் பின்னுமாக முற்றும், விளைச்சல் குறையும். நிறத்தில் நடக்கும் அதே கதைதான்!

இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்ப பழைய மாதிரி ரகம் போட்டா?" என்றார். போடலாம். ஆனால் சான்று விதைக்கே மற்ற சூரியகாந்தியிலிருந்து 200 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. நம்மைச் சுற்றி எல்லாம் ஒட்டு வயல். கணக்குப் போட்டேன். ஏக்கருக்கு ஏறக்குறைய 3 கிலோ விதை. பை கட்டிய பூவில் 30 கிராம் என்று வைத்தாலும் 100 பூக்கள் போதும். 100 பை, நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் காலை நேர வேலை. விளைச்சல் குறைவா, விதைச் செலவு மிச்சமா என்பதை ஒரு சென்ட் நிலத்தில் போட்டுப் பார்த்தபின் முடிவு செய்வதாக அப்பா சொல்லியிருக்கிறார். துணிப் பைகளை அம்மா தைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நண்பர்களே! நான்கு செடி வைக்க இடமிருந்தால் போதும், நீங்களும் தொடங்கலாம். மூடிய பூவிலிருந்து எடுத்த விதை என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் ஒரு காகித உறையோடு வாருங்கள், ஆளுக்குப் பத்து விதை தருகிறேன். அடுத்த வருடம் உங்கள் பூவிலிருந்து இன்னொருவருக்குப் பத்து விதை கொடுங்கள். பை கட்ட மட்டும் மறந்துவிடாதீர்கள்!