சித்திரக்கதையும் சின்னத்திரையும்

சித்திரக்கதை ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கும்போது மூலத்தை எவ்வளவு தூரம் மாற்றலாம்? 'ஒரு கோடுகூட மாறக்கூடாது' என்பது விடுதியில் என் அறை நண்பரின் கட்சி. நானும் சென்ற ஆண்டுவரை அந்தக் கட்சிதான். 'ஹல்க்' பிறந்து வளர்ந்த கதையைப் படித்தபின் கட்சி மாறிவிட்டேன்.

அமெரிக்காவில் 1962-இல் ஸ்டான் லீ எழுத, ஜாக் கிர்பி வரைய, மார்வெல் நிறுவனம் வெளியிட்டது அக்கதை. காமா குண்டுச் சோதனைத் திடலுக்குள் நுழைந்துவிட்ட இளைஞனைக் காப்பாற்றப்போய், விஞ்ஞானி புரூஸ் பேனர் கதிர்வீச்சில் சிக்கிப் பேருருவம் எடுக்கிறார். இராணுவம் துரத்துகிறது.

1977-இல் கென்னத் ஜான்சன் இதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். குண்டு போயிற்று, இராணுவம் போயிற்று, புரூஸ் என்ற பெயரும் டேவிட் ஆயிற்று. கார் விபத்தில் மனைவியைக் காப்பாற்ற வலுவில்லாமற்போன ஒருவர், ஆபத்து வேளையில் சிலருக்கு மட்டும் அசுர பலம் எப்படி வருகிறது என்று ஆராய்ந்து, தம் உடலிலேயே காமாக் கதிரைச் செலுத்திக்கொள்கிறார். (காமாக் கதிர் உயிரணுவைச் சிதைக்குமேயன்றித் தசையை வளர்க்காது. இயற்பியலுக்கு இருவருமே துரோகம் செய்தவர்கள்தாம்!) அவரைத் துரத்துபவர் ஒரு பத்திரிகை நிருபர். தமிழில் 'ஏழை படும் பாடு' என்று நாம் அறிந்த விக்டர் ஹியூகோவின் நாவலிலிருந்து ஜான்சன் எடுத்துக்கொண்ட துரத்தல் இது. அங்கே போலீஸ் அதிகாரி, இங்கே நிருபர்.

மாற்றங்களுக்குப் பணமும் ஒரு காரணம். தாளில் டாங்கியை வரையவும் நாற்காலியை வரையவும் அதே மைதான். மைல் கணக்கில் தாவும் பூதத்தை அந்நாளில் வாராவாரம் படம்பிடிப்பது நடக்கிற காரியமா? லூ ஃபெரிக்னோ என்ற உடற்கட்டு வீரருக்குப் பச்சை வண்ணம் பூசி உறுமவைத்தார்கள்.

அந்தப் பச்சையையும் மாற்ற ஜான்சன் விரும்பினார். சினத்தின் நிறம் சிவப்பு அன்றோ? ஸ்டான் லீ இணங்கவில்லை. வேடிக்கை இங்கேதான் இருக்கிறது. 1962-இன் முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறம்! அச்சில் அந்நிறம் சீராக விழாததால் இரண்டாம் இதழில் பச்சையாக்கிவிட்டார்கள். முதல் இதழில் உருமாற்றமும் சினத்தால் நேர்வதன்று; பொழுது சாய்ந்தால் நேர்வது. சினம் பின்னால் வந்து சேர்ந்தது. புரூஸ் என்ற பெயரை லீயே மறந்து சில இடங்களில் 'பாப்' என்று எழுதி, பிறகு 'ராபர்ட் புரூஸ் பேனர்' என்று சமாளித்தார். மூலமே தனக்கு உண்மையாக இல்லாதபோது தொடரை மட்டும் குற்றம் சொல்வது எப்படி?

"அப்படியானால் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா?" என்று நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. தன் சினத்துக்குத் தானே அஞ்சும் மனிதன் என்ற ஒன்றை மாற்றியிருந்தால், குண்டும் பெயரும் அப்படியே இருந்தாலும் அது ஹல்க் ஆகாது. உதவப்போய், சினம் மேலிட்டு, யாவும் முடிந்தபின் தோளில் பையோடு தன்னந்தனியே சாலையில் நடந்துபோகும் அந்த மனிதரை 1982 வரை தொடர் கைவிடவில்லை.

நண்பர் இன்னும் பச்சைக்காக வாதாடுகிறார். சாம்பல் நிறத்தைச் சொன்னால், "அது அச்சகத்தின் தவறு" என்கிறார்.