அலுவலகக் கணினியும் தேய்மானமும்: ஒரு முன்மொழிவை வாசித்தல்

இலக்கியம் பயில்வோராகிய நாம் கம்பனி ஒன்றின் முதலீட்டு முன்மொழிவை ஆராயப் புகுதல் சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் அதுவும் ஒரு பனுவலே. அதற்கெனத் தொடக்க மரபும் சொல்லாட்சியும் உண்டு. அது கூறுவதைப் போலவே கூறாது விடுவதும் நோக்கத்தக்கது.

அலுவலகக் கணினிகளைப் புதுப்பிக்க வேண்டுமென முகாமைத்துவத்தைக் கோரும் முன்மொழிவுகள் அண்மைய ஆண்டுகளில் மிகுந்தமைக்குக் குறித்ததொரு காரணம் உண்டு. 2015 யூலையில் வெளியான விண்டோஸ் 10 என்னும் இயக்குதளத்துக்கான பொதுப் பராமரிப்பை மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்தியது. அதன் வழிவந்த விண்டோஸ் 11ஐ ஏற்பதற்கு ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், இன்ரெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அத்தலைமுறை 2017இலேயே சந்தைக்கு வந்தது. ஆகவே, அதற்கு முன்னர் வாங்கப்பட்டு இன்றும் பழுதின்றி இயங்கும் கணினிகள் மேசையில் இருந்தபடியே பழையனவாயின. இவ்வாறு ஒதுக்கப்படக்கூடியவை ஏறத்தாழ 24 கோடி என 2023இல் கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது.

மூலதனம் முதலாம் பாகத்தின் இயந்திர சாதனம் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் இருவகைத் தேய்மானங்களை வேறுபடுத்துகிறார். பயன்பாட்டாலும் பயன்படுத்தாது விடுவதாலும் நேரும் பௌதிகத் தேய்மானம் ஒன்று. அதே இயந்திரம் மலிவாக உற்பத்தி செய்யப்படுவதாலோ, அதனிலும் சிறந்தது போட்டிக்கு வருவதாலோ பெறுமதி குன்றுவது மற்றையது. இரண்டாவதனை அவர் தார்மிகத் தேய்மானம் என்றார். இன்றைய கணினியின் நிலை இவ்விரண்டிலும் முற்றாக அடங்கவில்லை. போட்டியாளரின் சிறந்த இயந்திரம் வந்து பழையதை வெளியேற்றுமுன்னர், மென்பொருளை விற்ற நிறுவனமே பராமரிப்பை முடித்து அதனை வெளியேற்றிவிடுகிறது. பத்தாண்டுப் பராமரிப்புக் குறுகியதன்று என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், ஓர் அலுவலகத்தின் நிலையான மூலதனம் எப்பொழுது இறக்கும் என்பதை அதன் உரிமையாளர் அல்லாத ஒருவர் நிர்ணயிப்பது, ஏகபோகம் பற்றிய நமது வழக்கமான வாதங்களிற் போதிய இடம்பெறாத ஒன்றாகும்.

அந்த மரணத்தைப் பின்போடுவதற்கும் விலை உண்டு. கம்பனிகள் நீடித்த பாதுகாப்புப் பராமரிப்பை முதலாம் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டொலர் எனப் பெறலாம். ஆண்டுதோறும் தொகை இரட்டிக்கும். மூன்றாண்டுகளே எல்லை. அதாவது 61, 122, 244, மொத்தம் 427 டொலர். நூறு கணினிகளுள்ள அலுவலகத்துக்கு இது 42,700 டொலராகும். இத்தொகை எளியதொரு புதுக் கணினியின் விலையை அண்மிப்பதால், முன்மொழிவை எழுதுபவருக்கு வாதம் ஏறக்குறைய ஆயத்தமாகவே கிடைத்துவிடுகிறது.

பாதுகாப்புப் பற்றிய வாதம் மெய்யானது. அதனை எள்ளி நகையாட முடியாது. 2017 மே மாதத்தில் வனாகிரை என்னும் தாக்குதல் பிரித்தானியாவின் பொதுச் சுகாதார சேவையைத் தாக்கியபோது, ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் தடைப்பட்டிருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. ஆனால் முன்மொழிவுகள் இச்சம்பவத்தைப் பழைய இயந்திரத்தின் அபாயத்துக்கு உதாரணமாகக் காட்டும்போது ஓர் உண்மை நழுவுகிறது. அங்கு தாக்குண்டவற்றுட் பெரும்பாலானவை அப்போது பராமரிப்பிலிருந்த விண்டோஸ் 7 கணினிகளே. திருத்தம் மார்ச்சு மாதத்திலேயே வெளியாகியிருந்தும் அவற்றில் நிறுவப்படவில்லை. குறைவாயிருந்தது புதிய இயந்திரமன்று, பராமரிக்கும் ஆளணியும் ஒழுங்குமே. இயந்திரத்துக்கு ஒருமுறை செலவிட இசையும் முகாமைத்துவம், பராமரிப்போரின் மாதச் சம்பளத்துக்குத் தயங்குவது புதினமன்று.

முன்மொழிவின் இதயம் நேரக் கணக்கிலேயே உள்ளது. நூறு ஊழியர் கொண்ட அலுவலகத்தில் மெதுவான கணினியால் ஒருவர் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் இழக்கிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 220 வேலைநாட்கள் எனில், இழப்பு 2,20,000 நிமிடங்கள். அதாவது 3,666 மணித்தியாலங்களுக்கு மேல். இதனை மணித்தியாலச் சம்பளத்தாற் பெருக்கிச் 'சேமிப்பு' என எழுதுவர். எழுத்து எப்பொழுதும் செயப்பாட்டுவினையிலேயே அமையும்: நேரம் மீதப்படுத்தப்படும், உற்பத்தித்திறன் உயர்த்தப்படும். மீதியைப் பெறுபவர் யார் என்பதற்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை.

சிறிது நின்று நோக்கினால், கணக்கு நம்மைத் தடுமாறச் செய்கிறது. இலிகிதரின் சம்பளம் மாதச் சம்பளம். கணினி பத்து நிமிடம் முந்தித் திறந்தமையால் அதில் ஒரு சதமும் குறைவதில்லை. எனவே இச்சேமிப்புக் கம்பனியின் ஏட்டில் மெய்யாக வேண்டுமெனின், வழிகள் இரண்டே: அதே வேலையைக் குறைந்த ஆட்களைக் கொண்டு செய்வித்தல், அல்லது அதே ஆட்களைக் கொண்டு கூடிய வேலையைச் செய்வித்தல். ஒருவருக்கு ஆண்டில் 36 மணி 40 நிமிடம், அதாவது ஏறத்தாழ ஒரு வேலைவாரம், அவரிடமே திரும்பிச் செல்லும் மூன்றாவது வழியும் தர்க்கரீதியாக உண்டு. அதற்கான நிரலை நாம் பார்த்த எந்த முன்மொழிவிலும் காணவில்லை. கணினி திறக்கும்வரை தேநீர் அருந்தி அயல் மேசையாருடன் உரையாடும் அப்பத்து நிமிடம் கணக்காளருக்கு இழப்பு. இலிகிதருக்கு அது அன்றைய நாளின் ஒரே ஓய்வாகவும் இருக்கலாம். இதனாற் பழங்கணினியை நாம் போற்றுகிறோம் என எவரும் கொள்ளற்க. உறைந்துபோன திரையின் முன் கடிதத்தை மீளவும் தட்டச்சிடுவதும், தாமதத்துக்காக மேலதிகாரியின் ஏச்சைக் கேட்பதும் அதே இலிகிதர்தாம்.

இன்னொரு வழி பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே முடிகிறது. சுழலும் வன்தட்டை அகற்றி எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தைப் பொருத்தி, நினைவகத்தைச் சிறிது கூட்டினால், மந்தமான கணினிகள் பல வேகம் பெறும். செலவு புதிய இயந்திரத்தின் சிறு பங்கே. இயக்குதளத் தடையை இது நீக்காது என்பது உண்மை. லினக்ஸை நிறுவின் அதுவும் நீங்கும். எனினும் பழகிய மென்பொருள்களை மாற்றும் சிரமம் எஞ்சும். கழிவுக்கும் கணக்கில் இடமில்லை: 2022இல் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதமே.

புதுப்பித்தலுடன் அலுவலகத்துள் நுழைவது வேகம் மட்டுமன்று, அளவுகோலும் ஆகும். 2020இல் மைக்ரோசொஃப்ற் அறிமுகப்படுத்திய 'உற்பத்தித்திறன் மதிப்பெண்', தனி ஊழியர் எத்தனை நாட்கள் மின்னஞ்சலையும் ஏனைய வசதிகளையும் பயன்படுத்தினார் என்பதைப் பெயருடன் முகாமையாளருக்குக் காட்டக்கூடியதாயிருந்தது. கண்டனம் எழவே, அவ்வாண்டு டிசெம்பரிற் பெயர்கள் நீக்கப்பட்டன. ஜேர்மனியில் 1972ஆம் ஆண்டின் தொழில்நிலைய அமைப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, ஊழியரின் நடத்தையையோ செயற்றிறனையோ கண்காணிக்கும் தொழில்நுட்பச் சாதனங்களைப் புகுத்துவதில் ஊழியர் மன்றத்துக்கு இணைத் தீர்மான உரிமை வழங்குகிறது. அத்தகைய மன்றம் உள்ள இடங்களில், மேற்கூறிய 36 மணி 40 நிமிடத்தின் கதி என்னவென்று கேட்பதற்கு, கொள்வனவுக் கட்டளை ஒப்பமிடப்படுமுன்னரே ஒரு மேசையும் சில நாற்காலிகளும் உள்ளன.