முடிச்சை அவிழ்க்கும் நேரம்

1936ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிய ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலில், மனிதர்களோடு சில நியான் டெட்ரா மீன்களும் அமெரிக்காவுக்குப் போயின. அமேசான் காட்டு ஓடைகளிலிருந்து அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அந்த மீன் வெளியுலகுக்குத் தெரிய வந்திருந்தது. ஒன்றரை அங்குல மீனுக்கு அன்றைய உலகின் ஆகப் பெரிய வான ஊர்தியில் இடம் கொடுத்தது வெறும் ஆடம்பரம் அல்ல. கடல்வழி அனுப்பினால் நாள்கள் நீளும். தகரக் கலங்களில் மீனை விட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டும் காற்றடித்துக்கொண்டும் ஓர் ஆள் கூடவே போக வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாலித்தீன் பை புழக்கத்துக்கு வந்தது, ஜெட் விமானமும் வந்தது. கூடப் போகும் ஆளுக்கு வேலையில்லாமல் போயிற்று. இன்று சிங்கப்பூரில் கட்டிய பை ஓரிரு நாளில் சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடையில் அவிழ்க்கப்படலாம். அந்தப் பையைப் பார்க்கும் யாருக்கும் முதலில் எழும் கேள்வி, உள்ளே காற்று போதுமா என்பதுதான். கவலைப்பட வேண்டிய இடம் அதுவல்ல. ஒழுங்காகக் கட்டிய பைக்குள் மீன் காற்றில்லாமல் சாவது அபூர்வம். தன் கழிவோடு சேர்ந்து அது அடைபட்டிருப்பதுதான் சிக்கல். அந்தச் சிக்கல் முற்றுவதும் வானத்தில் அல்ல, ஊர் வந்து சேர்ந்து ரப்பர் பேண்டைக் கழற்றும்போது.

முதலில் காற்றுக் கணக்கை முடித்துவிடலாம். 25 டிகிரி செல்சியஸில், காற்றுபடத் திறந்து கிடக்கும் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம். ஒரு லிட்டர் தூய ஆக்சிஜன் வாயுவின் எடையோ சுமார் 1,300 மில்லிகிராம். ஏற்றுமதி செய்பவர் பையில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, மேலே இருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு, உருளையிலிருந்து இரண்டு மூன்று பங்கு ஆக்சிஜனை நிரப்புகிறார். தண்ணீரில் இருப்பது கைச்செலவுக்கான சில்லறை. மேலே இருப்பது வைப்புத்தொகை. பெட்டி ஆடி அசையும்போதெல்லாம் மேலிருந்து கீழே கரைந்து இறங்கிக்கொண்டே இருக்கும். உயரே போனால் என்ன ஆகும் என்று கேட்கலாம். பயணிகள் விமானத்தில் மேலே ஆட்கள் இருக்கும் அறையும் கீழே சரக்கறையும் ஒரே அழுத்தத்தில்தான் இருக்கின்றன. பறக்கும்போது அது 6,000 முதல் 8,000 அடி உயர மலையின் அழுத்தத்துக்கு, அதாவது ஊட்டி, கொடைக்கானல் அளவுக்கு, இறங்குகிறது. மலையேறும் பேருந்தில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதுபோல இந்தப் பையும் உப்பும். கடல்மட்டத்தில் ஒரு லிட்டராக இருந்த வாயு 8,000 அடியில் ஏறத்தாழ 1.35 லிட்டராகும். அதனால்தான் தேர்ந்த கை பையை மத்தளம்போல விறைக்கக் கட்டாமல் கொஞ்சம் தளர விடுகிறது. ஒன்றுக்கு இரண்டாகப் பை போடுகிறது. முள் துடுப்புள்ள கெளுத்தி வகைகளுக்கு நடுவில் செய்தித்தாளும் சுற்றுகிறது. காற்றுச் சங்கதி இவ்வளவுதான்.

கழிவுச் சங்கதி இப்படி முடிந்துவிடுவதில்லை. ஆக்சிஜனை உள்ளே வாங்கும் அதே செவுள் வழியே மீன் இரண்டு பொருள்களை வெளியே விடுகிறது: கார்பன் டை ஆக்சைடு, அமோனியா. நாம் சிறுநீரகத்தை நம்பிச் செய்யும் வேலையின் பெரும்பகுதியை மீன் செவுளிலேயே முடித்துக்கொள்கிறது. ஆற்றில் இருந்தால் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும்; பைக்குள் போக்கிடம் இல்லை. தண்ணீரில் அமோனியாவுக்கு இரண்டு வேடம் உண்டு. ஒன்று, செவுளைத் துளைத்து உள்ளே புகும் நச்சு அமோனியா. மற்றது, ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு ஓரளவு சாதுவாகிவிட்ட அமோனியம். எந்த வேடத்தில் எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பி.எச். தீர்மானிக்கிறது. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நச்சு வடிவம் 0.6 விழுக்காட்டுக்கும் குறைவு. 8 என்றால் 5 விழுக்காட்டைத் தாண்டும். ஓர் எண் ஏறினால் நஞ்சு ஏறக்குறைய பத்து மடங்கு. இங்கேதான் இன்னொரு கழிவு உதவிக்கு வருகிறது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி பி.எச்.சைக் கீழே இழுக்கிறது. மணி ஆக ஆக அமோனியா சேர்கிறது. கூடவே தண்ணீரும் புளிக்கிறது. ஒரு நஞ்சு மற்றொரு நஞ்சின் பல்லைப் பிடுங்கிவிடுகிறது. முப்பது மணி நேரம் மூடிக் கிடந்த பையில், வெளித்தொட்டியில் இருந்தால் அந்த மீனைக் கொன்றிருக்கக்கூடிய அளவு அமோனியா இருக்கும். மீன் நீந்திக்கொண்டும் இருக்கும்.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலையும் உண்டு. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் பிடி தளர்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் உடலுக்குக் கிடைக்காத நிலை அது. தூய ஆக்சிஜனை அவ்வளவு தாராளமாக நிரப்புவது இந்தத் தளர்ச்சியை ஈடுகட்டத்தான். பையிலிருந்து வந்த மீன் மந்தமாகத் தெரிவதும் பாதி இதனால்தான். அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு மீனுக்கு மயக்க மருந்து.

ஏற்றுமதியாளர் செய்யும் மற்ற வேலைகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் அவற்றின் தர்க்கம் விளங்கும். விமான வாடகை எடைக்கு. சில கிராம் மீனை அனுப்ப லிட்டர் கணக்கில் தண்ணீருக்கு வாடகை கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே பல பத்தாண்டுகளாக இந்த வணிகத்தின் தலைவாசலாக விளங்கும் சிங்கப்பூரில், தண்ணீரைக் குறைத்து மீனைக் கூட்டுவது எப்படி என்பதே ஆராய்ச்சியாளர்களின் கேள்வியாக இருந்துவந்திருக்கிறது. தண்ணீர் குறைந்தால் கழிவு அடர்த்தியாகும். எனவே கழிவை அதன் பிறப்பிடத்திலேயே அடக்க வேண்டும். கட்டுவதற்கு முன் ஒரு நாளோ இரண்டு நாளோ மீனைப் பட்டினி போடுகிறார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் குடல் காலியான மீன் குறைவாகவே அமோனியா விடும், பைக்குள் மலம் கழிக்காது. மனிதருக்கு அறுவை சிகிச்சைக்கு முன் சாப்பாட்டை நிறுத்துவது போன்ற ஏற்பாடு இது. தண்ணீரைச் சற்றுக் குளிர்விக்கிறார்கள்; வெப்பம் பத்து டிகிரி இறங்கினால் குளிர்ரத்த விலங்கின் உடலியக்கம் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொது விதி. வெப்பமண்டல மீனை அந்த அளவுக்கு இறக்க முடியாது; இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே லாபம். தெர்மாகோல் பெட்டி அந்தக் குளுமையைக் காக்கிறது, இருட்டையும் தருகிறது. இருட்டில் மீன் அலைபாயாது. சிலர் அமோனியாவை உறிஞ்சும் ஜியோலைட் கனிமத்தையும் போடுகிறார்கள். ஃபைட்டர் மீன் தனி வகை: காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உள்ளது, ஒன்றையொன்று கண்டால் சண்டை பிடிப்பது. எனவே கையளவுப் பையில் கொஞ்சம் தண்ணீரோடு ஆளுக்கொரு தனியறை.

இனி முடிச்சு அவிழும் இடத்துக்கு வருவோம். பையைத் திறந்ததும், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல, கார்பன் டை ஆக்சைடு வெளியேறத் தொடங்குகிறது. அமோனியாவோ தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. காவலாளி போய்விட்டார், கைதி உள்ளேயே இருக்கிறான். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: பைத்தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் மொத்த அமோனியா இருப்பதாகக் கொள்வோம். பி.எச். 6.5இல் அதில் நச்சு வடிவம் 0.02 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. மீன் வளர்ப்பில் எச்சரிக்கைக் கோடாக வழங்குவதும் ஏறக்குறைய இந்த அளவுதான். அதே தண்ணீரின் பி.எச். 8க்கு ஏறினால் நச்சு 0.5 மில்லிகிராமைத் தாண்டிவிடும். அமோனியா ஒரு துளி கூடவில்லை. நஞ்சு முப்பது மடங்காகிவிட்டது. சென்னை போன்ற ஊரில் ஆழ்குழாய்க் கிணற்றின் கடினத் தண்ணீரைப் பைக்குள் ஊற்றினால் இந்த ஏற்றம் இன்னும் வேகமாகும்.

இதற்கு நேர் எதிரான அறிவுரைதான் மீன் வளர்ப்பவர்கள் வாயில் மனப்பாடமாக இருக்கிறது: பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாகவோ சொட்டுச் சொட்டாகவோ சேர்த்து, ஒரு மணி நேரம் மீனைப் பழக்க வேண்டும் என்பது. பக்கத்துத் தெருக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் கொண்டுவந்த மீனுக்கு அது பொருந்தும். அந்தப் பையில் அமோனியா சேர்ந்திருக்காது. முப்பது மணி நேரப் பையில் அதே நிதானம், மீனை அதன் கழிவிலேயே ஊறவைத்து பி.எச்.சை மெல்ல ஏற்றுவதாகும். அன்பாகச் செய்யும் கெடுதல் என்று இதைச் சொல்லலாம். நெடும்பயண மீனுக்குச் சரியான முறை வேறு. முடிச்சை அவிழ்க்காமலேயே பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்ய வேண்டும். பிறகு திறந்த உடனே மீனை மட்டும் எடுத்துத் தூய தண்ணீரில் விட வேண்டும்.

திடீர் மாற்றம் மீனைக் கொல்லாதா என்பது நியாயமான கேள்வி. மாற்றங்களைப் பிரித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். வெப்பநிலை மாற்றத்தை மிதக்கவிட்டே தீர்த்துவிட்டோம். பி.எச். மாற்றத்தைப் பைக்குள்ளேயே, கார்பன் டை ஆக்சைடின் தயவில், மீன் ஒருமுறை சந்தித்துவிட்டது. உண்மையான ஆபத்து கரைந்திருக்கும் உப்புகளின் அளவில் இருக்கிறது. நன்னீர் மீனின் உடலில் உப்பு அதிகம், வெளியே குறைவு. செவுள் ஓயாமல் உப்பை உள்ளே இழுத்துக்கொண்டும், சிறுநீரகம் புகுந்த நீரை வெளியேற்றிக்கொண்டும் இருக்கின்றன. அலுத்துப்போன மீனின் செவுளில் உப்புக் கசிவு கூடும். அதைப் பெருத்த வேறுபாடுள்ள தண்ணீரில் தள்ளினால் தாங்காது. அதற்கான தீர்வு, அனுப்புபவரிடம் அவருடைய தண்ணீரின் உப்பளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையொத்த தண்ணீரை முன்கூட்டியே தயார் செய்து வைப்பது. மீனைத் தண்ணீருக்குப் பழக்குவதைவிடத் தண்ணீரை மீனுக்குப் பழக்குவது எளிது. வரும் நாளில் ஓடியாடுவதைவிட வருமுன் ஒரு வாளி தயார் செய்வது எவ்வளவோ மேல். கப்பி, மோலி போன்றவற்றுக்கு அந்தத் தண்ணீரில் சிறிது கல்லுப்பு சேர்த்தால் செவுளின் சுமை குறையும். கடல் மீனுக்கு இந்தச் சமாதானங்கள் முழுதாகப் பொருந்தா. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருக்கிறது, எளிதில் இறங்கவும் செய்யாது. அமோனியாவுக்கு முதலிலிருந்தே பல் உண்டு. கடல் மீனைத் தாராளமான தண்ணீரில், பைக்கு ஒன்றாக அனுப்புவது இதனால்தான். அதன் விலை ஏறியிருப்பதற்கும் இது ஒரு காரணம்.

வந்திறங்கும்போது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உயிரோடிருந்தால் நல்ல சரக்கு என்பது வணிகத்தில் வழங்கும் அளவுகோல். பிறகு எதற்கு இவ்வளவு கவலை என்று ஒருவர் கேட்கலாம். அந்த அளவுகோல் எண்ணத் தொடங்கும் நேரத்திலேயே எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. செவுள் புண்பட்ட மீன் பையிலிருந்து துள்ளிக்கொண்டே வரும்; உப்புச் சமநிலை குலைந்தும் நோயெதிர்ப்பு தளர்ந்தும் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வெண்புள்ளி நோயிலோ துடுப்பு அழுகலிலோ விழும். அதற்குள் அது கடைக்காரரிடமிருந்து வாங்கியவர் வீட்டுக்குப் போயிருக்கும். பழி தொட்டியின் மேல் விழும். இதைப் புரிந்துகொண்டதால்தான் பயண முறைகளைச் சோதித்த ஆய்வாளர்கள் வந்த நாளோடு நிறுத்தாமல் அடுத்த ஒரு வாரத்துச் சாவையும் எண்ணினார்கள்.

பை கொண்டுவருவது அமோனியாவை மட்டுமல்ல. கொய் மீன் ஹெர்பிஸ் வைரஸ் 1998இல் இஸ்ரேலில் பெருஞ்சாவை உண்டாக்கியது. அலங்காரக் கொய் வணிகத்தின் தடத்திலேயே நாடு நாடாகப் பரவி, 2003இல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரியில் உணவுக்காக வளர்த்த கெண்டைகளைக் கொன்று குவித்தது. இந்தியாவுக்குள் வண்ணமீன் கொண்டுவர மத்திய அரசின் சுகாதார இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் நலச்சான்றும், வந்தபின் தனிமைக் காலமும் கேட்பது இதனால்தான். பெட்டிக்குள் இரண்டு மீனை ஒளித்துக்கொண்டு வந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைப்பவர்கள் எங்கும் உண்டு. 2005இல் சிங்கப்பூரிலிருந்து மெல்போர்னில் இறங்கிய ஒரு பெண்ணின் இடுப்புப் பக்கம் ஏதோ துள்ளும் சத்தம் கேட்டுச் சுங்கத்தார் சோதித்தபோது, பாவாடைக்கு அடியில் 15 தண்ணீர்ப் பைகளில் 51 மீன்கள் இருந்தன. சிரிக்கலாம். ஆனால் ‘டேங்க் கிளீனர்’ என்ற செல்லப்பெயரோடு தொட்டிக்கு வந்த தென் அமெரிக்கச் சக்கர் மீன், இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த எவரும் நெடுநேரம் சிரிக்க மாட்டார்.

தனிமைத் தொட்டி இல்லாத வீட்டுக்கு வெளிநாட்டு மீன் வரக்கூடாது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வாரம் தனித்தொட்டி, அதற்கென்று தனி வலை, முதல் நாள் தீனி இல்லை, விளக்கும் இல்லை. மீனை எடுத்தபின் மிஞ்சும் பைத்தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது, கிணற்றடிக்கோ குளத்துக்கோ போகவே கூடாது. அதைத் தனி வாளியில் கொட்டி, பிளீச்சிங் பவுடர் கலந்து சில மணி நேரம் மூடி வைத்த பிறகே சாக்கடையில் ஊற்ற வேண்டும்.